ஷூ வந்துவிட்டது, சம்பளம் வந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகன் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போகிறான். ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவன். சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) முடித்துவிட்டுப் போனதால் கூடப் படிக்கும் பையன்களைவிட மூத்தவன், அணியில் அவனைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். போன மாதம் ஒரு ஷூ நிறுவனம் அவனோடு ஒப்பந்தம் போடப் போகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தேக்காவில் மாலை வாங்கிப் போடாத குறைதான். சித்தப்பா ஒருவர் "மாசம் எவ்வளவு?" என்று கேட்டார், இன்னொருவர் "அப்போ இனி வேலை தேட வேண்டாம்" என்று முடிவே சொல்லிவிட்டார்.

நான் கணக்காளர். தொடக்கக் கல்லூரிக் காலத்தில் மெக்ரிட்சியில் கிராஸ் கன்ட்ரி ஓடி, கடைசிப் பத்தில் ஒருவனாக வந்தவன். அந்த இரண்டு தகுதிகளை நம்பித்தான் பையன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினான். அதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஆட்களுக்கு ஸ்பான்சர் என்பது ஒரே சொல். உள்ளே பல படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் ஷூவும் பனியனும், அவ்வளவுதான். அடுத்ததில் அவற்றோடு, இன்ன பந்தயத்தில் இன்ன இடம் வந்தால் இவ்வளவு என்று போனஸ். ஆண்டுக்கு இவ்வளவு என்று கையில் காசு கிடைப்பது அதற்கும் மேலே இருக்கிற கொஞ்சப் பேருக்கு. எங்கள் பையனுக்கு வந்தது நடுப்படி, அதோடு பயணச் செலவுக்கென்று ஒரு சிறு தொகை. எவ்வளவு என்று எழுதினால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் நாலு மாதம் தாங்கும்.

மேல்படிக்காரர்களின் தொகையும் நிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை பந்தயம் ஓடவில்லை என்றால் குறையும், தரவரிசையில் இறங்கினால் குறையும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நெடுந்தொலைவு ஓடுகிறவனுக்குக் காலெலும்பில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் ஒரு பருவமே போய்விடும், காசு மிகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் வெட்டும் விழும். 800 மீட்டர் ஓடும் அமெரிக்கர் போரிஸ் பெரியன் விவகாரம் 2016-ல் நீதிமன்றம் வரை போனது. நியூ பேலன்ஸ் என்ற ஷூ நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 125,000 அமெரிக்க டாலர் தர முன்வந்தது, இந்த வெட்டு எதுவும் கிடையாது. வேறு யாராவது தர முன்வருவதைத் தானும் தந்தால் அவர் தன்னிடமே இருக்கவேண்டும் என்ற பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, அதே தொகையைத் தானும் தருவதாகச் சொல்லி நைக்கி வழக்குப் போட்டது. வெட்டு இருந்தால் அது எப்படி அதே தொகை ஆகும் என்பதுதான் சண்டையே. கடைசியில் நைக்கி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர் அந்த ஆண்டு மார்ச்சில்தான் உள்ளரங்க உலக வெற்றியாளர் ஆகியிருந்தார். அவருக்கே இந்த நிலை.

எங்கள் வீட்டில் யாரும் கணக்குப் போடாத விஷயம் ஒன்று உண்டு. கல்லூரி இவ்வளவு நாளும் என்னென்ன கொடுத்தது? பயிற்சியாளர், ஓடுதளம், தசை பிடித்தால் பார்க்க ஒருவர், பந்தயத்துக்கு விமான டிக்கெட், பசித்தால் உணவுக்கூடம், எல்லாவற்றுக்கும் மேலாக விடிகாலையில் கூட ஓட ஏழெட்டுப் பேர். இதெல்லாம் யார் காசு என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து அத்தனையும் அவன் தலையில். முகவர் வைத்துக்கொண்டால் வருவதில் பொதுவாக 15 விழுக்காடு அவருக்கு. மாணவர் விசாவும் படிப்போடு போய்விடும், ஓட்டக்காரராக அங்கே தங்க வேண்டும் என்றால் வேறு விசா, அதற்கு வக்கீல், வக்கீலுக்குக் காசு. (2021 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் படிக்கும்போதே விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கட்டுப்பாடு இருப்பதால் இவன் பக்கத்து அறைப் பையன் வாங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி.)

அப்புறம், நிறுவனம் எதற்காகக் காசு கொடுக்கிறது? இங்கேதான் எனக்கும் பையனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "என் நேரத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள் மாமா" என்றான். நல்ல நேரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தானுக்கான தகுதி நேரம் 2 மணி 8 நிமிடம் 10 விநாடி. நம் ஊர் மாரத்தான் ஓட்டக்காரர் சோ ருய் யோங் 2019-ல் ஹியூஸ்டனில் தேசிய சாதனை படைத்த நேரம் 2:23:42. பி.சி. சுப்பையா 1973-ல் பத்தாயிரம் மீட்டரில் ஓடிய 31:19-ஐ முறியடிக்க நமக்கு 2014 வரை ஆனது, அதுவும் மூன்று விநாடி வித்தியாசத்தில். உலக அளவில் நேரத்துக்காக நம் ஊர் ஓட்டக்காரருக்குக் காசு கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒப்பந்தம் வந்தது இந்த வட்டாரக் கிளையிலிருந்து. ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடும் நம்மைப் போன்றவர்களுக்கு ஷூ விற்க அவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். அது தப்பில்லை, வியாபாரம். மாதம் இத்தனை இன்ஸ்டகிராம் பதிவு, கடை ஏற்பாடு செய்யும் குழு ஓட்டத்துக்கு நேரில் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பையனோ அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃப்ளாக்ஸ்டாஃபில், 2,100 மீட்டர் உயரத்தில், ஒரு குழுவோடு பயிற்சி செய்யக் கனவு காண்கிறான். மலைமேல் இருந்துகொண்டு ஈஸ்ட் கோஸ்டில் எப்படி ஓடுவது? இதைக் கேட்டதும்தான் அவன் சும்மா ஆனான்.

ஊருக்குத் திரும்பி வந்தாலும் அவன் சுயதொழில் செய்பவன்தான். முதலாளி என்று ஒருவர் மசேநிதி (மத்திய சேமநிதி) கட்டமாட்டார், நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவை அவனேதான் கட்டவேண்டும். தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தனிநபர் தங்கம் வென்றால் 10,000 வெள்ளி பரிசு. அது இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிற போட்டி.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமா பையனைத் தடுக்கிறார் என்று நினைக்க வேண்டாம். போகட்டும் என்பதுதான் என் கட்சி. 1983-ல் இங்கேயே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் கே. ஜெயமணி மாரத்தான் தங்கம் வென்றதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது. சாந்தி பெரேரா 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வாங்கியபோது அக்காதான் முதலில் அழுதார். இருபத்தைந்து வயதில் ஓடாமல் எப்போது ஓடுவது? ஆனால் இரண்டு ஆண்டுக்கான செலவை முதலில் எழுதட்டும், நிறுவனம் தருவதை அதிலிருந்து கழிக்கட்டும், மீதி எங்கிருந்து வரும் என்று பார்க்கட்டும். காயம்பட்ட ஆண்டில் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் வாங்கட்டும். சித்தப்பாக்கள் "மாசம் எவ்வளவு" என்பதை விட்டுவிட்டு இதைக் கேட்டால் எனக்கு வேலை மிச்சம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதக்கம் வாங்கினால் விளையாட்டுப் பக்கத்தில் படம் போடுகிறீர்கள், சந்தோஷம். இந்த ஒப்பந்தங்களை எப்படிப் படிப்பது என்று விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையும், அனுபவப்பட்ட ஓட்டக்காரர் ஒருவரையும் வைத்துத் தமிழில் ஒரு பக்கம் போடுங்களேன். பெற்றோர் படிப்பார்கள்.

பையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியும், நேரில் வருவதை ஆண்டில் மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறான். பதில் வரவில்லை. மாதிரிக்கு என்று இரண்டு ஜோடி ஷூ மட்டும் ஈசூன் முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு ஜோடியை அத்தான் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்