ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டைத் தட்டிய தாத்தாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

தெருக்காரர்கள், உறவுகள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலை எடை போட்டேன். எங்கள் கினிப்பன்றிக் குட்டிகளில் பெரியவள் 212 கிராம், சின்னவன் 187. பிறந்து 19 நாள் ஆகிறது. தராசில் எண்ணைப் பார்த்ததும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அம்மா பயந்து ஓடி வந்தார். அந்தக் கையோடு இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் தாய் போய், மூன்று குட்டிகளும் என் கைக்கு வந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை.

முதலில் எதிரே இருக்கும் புளி மண்டியின் வாட்ச்மேன் தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கினிப்பன்றிக் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, முடி முளைத்து, பல்லோடு வருகிறது. முதல் நாளே ஓடுகிறது, புல்லைக் கூடக் கொறித்துப் பார்க்கிறது. பார்த்தால் முழு ஆள் மாதிரி இருக்கும். அதனால்தான் பலர் "விட்டுடு, தானா தின்னு பொழைச்சுக்கும்" என்றார்கள். ஆனால் முதல் மூன்று வாரம் பால் வேண்டும். டாக்டர் ஆட்டுப்பாலை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும், தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக.

பகலில் சமாளித்துவிட்டேன். ரெண்டாம் நாள் ராத்திரி அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. விழித்தபோது மணி ஐந்து. மூன்று குட்டிகளும் சில்லென்று கிடந்தன. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து எப்படியோ தேற்றினோம்.

காலையில் பால் வாங்கக் கிளம்பினேன். தாத்தா கூப்பிட்டார். "நேத்து ரெண்டு மணிக்கு உங்க வூட்டு லைட்டு எரியலையேம்மா?"

அதற்கு முந்தின ராத்திரி எரிந்த விளக்கை ஒரு மனுஷர் எண்ணி வைத்திருந்தார். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னேன். "எலிக்குட்டிக்கா?" என்றார். எலி இல்லை, கினிப்பன்றி என்றேன். "பன்னியா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். அது எலியும் இல்லை, பன்றியும் இல்லை, கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெரு பக்கத்து ஆண்டிஸ் மலையில் வளர்த்தது என்றெல்லாம் விளக்க அப்போது எனக்குப் பொறுமை இல்லை. அவரும் மேலே கேட்கவில்லை. "சரி, நான் தட்டறேன்" என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு, இரண்டு, நான்கு. எங்கள் கம்பி கேட்டில் தடியால் ரெண்டு தட்டு. விளக்கு எரியும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை, டீ கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மூன்றாவது போய்விட்டது. என் கைதான் அவசரப்பட்டதோ என்று இன்னும் தோன்றுகிறது. அன்று ராத்திரி யாருக்கும் பால் கொடுக்கும் மனநிலையில் நான் இல்லை. தாத்தாவுக்கும் விஷயம் தெரியும், தட்ட மாட்டார் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். பன்னிரண்டுக்குத் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினார். கோபமாகத்தான் கதவைத் திறந்தேன். "மத்த ரெண்டும் இருக்குதில்லம்மா" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்.

அந்த ரெண்டும்தான் இன்று 212, 187.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன், குறைவாக நினைக்க வேண்டாம். கடைத் தராசைத் தினமும் காலையில் ஐந்து நிமிடம் இரவல் கொடுத்த மளிகைக்கடை அக்கா. காலை, மாலை ஆட்டுப்பால் கறந்து கொடுத்த பென்னாகரம் ரோட்டு அத்தை. பிள்ளையார் கோயில் வாசலில் மருந்து அடிக்காத அருகம்புல்லை மட்டும் எங்களுக்குப் பிரித்து வைத்த பூக்காரம்மா. தளியிலிருந்து குடைமிளகாய் அனுப்பிய மச்சான். நம்மைப் போலவே இதுகளுக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக உற்பத்தியாகாது, சாப்பாட்டில் போய்த்தான் ஆக வேண்டும். பகலெல்லாம் புளி தட்டிக்கொண்டே, பெரியவளின் பளபளப்பைப் பார்த்து "புளியங்கொட்டை" என்று பெயர் வைத்த பெண்களுக்கும் நன்றி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"ரெண்டும் பொண்ணு" என்று சொல்லி ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் எங்களுக்கு விற்றவர் மேல் கோபம் இருந்தது. இப்போது பாதி என் மேலேயே இருக்கிறது. பெட்டைக்கு முதல் பிரசவம் ஆறேழு மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் இடுப்பெலும்பு இறுகி, குட்டி வெளியே வருவது கஷ்டமாகிவிடும் என்பதை இதுகளின் தாய்க்கு வயிறு பெருத்த பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இனி ஒரு குட்டி பிறக்காது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாரத்திலேயே பெட்டைக்குக் கரு தங்கிவிடுமாம். அதனால் மூன்று வாரம் முடிவதற்குள், அதாவது நாளை மறுநாள், சின்னவனைப் பிரித்து அவன் அப்பன் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பழகிவிட்டால் ரெண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

புளியங்கொட்டைதான் தனியாகிவிடுவாள். இதுகள் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் யாராவது வளர்க்க முடியாமல் வைத்திருக்கும் பெண் குட்டி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து கூட்டி வருகிறேன். பெண்தானா என்று டாக்டரிடம் காட்டிய பிறகு.

தாத்தா, ராத்திரிப் பால் நிறுத்தியாகிவிட்டது, இனி தட்ட வேண்டாம் என்று நேற்று சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். ஆனாலும் ரெண்டு மணிக்குத் தட்டினீர்கள். நான் விழித்துத்தான் இருந்தேன், விளக்கைப் போட்டேன்.