தகப்பன் தகப்பனாக இருந்தால்

டேஜான், தென் கொரியா
12.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குளிர் தொடங்கிவிட்டது. போன வாரம் பேசும்போது, "அந்தக் காலத்துச் சீன ஞானி கன்பூசியஸ் சொன்னபடி நடக்கிற நாடு, அங்கே வயசானவங்களுக்குக் குறையே இருக்காது" என்றீர்கள். போனில் சொல்லித் தீராத விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. மெட்ரோவில் பெட்டியின் கோடியில் முதியோருக்கென்று இருக்கைகள் உண்டு. எவ்வளவு கூட்டம் நெரித்தாலும் இளவட்டங்கள் அதில் உட்காரத் தயங்குவார்கள். 65 வயதானால் மெட்ரோவில் கட்டணமே இல்லை. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பாட்டில் கை வைப்பார்கள். 1000 வோன் நோட்டிலும் 5000 வோன் நோட்டிலும் இருப்பவர்கள் யி ஹ்வாங், யி ஈ என்ற 16-ஆம் நூற்றாண்டுக் கன்பூசிய அறிஞர்கள். படித்தவனைப் பணத்தாளில் போட்டு வைத்திருக்கும் இந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மீதிப் பாதியை இந்த சூசோக் என்ற அறுவடைப் பண்டிகைக்குத் தோழியின் புகுந்த வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அவள் மூத்த மருமகள். முன்னோர் படையலுக்காக முந்தின நாள் காலையிலேயே சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, மின்சாரக் கல்லை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மீன் துண்டு, பூசணித் துண்டு எல்லாவற்றையும் மாவிலும் முட்டையிலும் தோய்த்துத் தோய்த்துச் சுட்டெடுத்தாள். பொழுது சாயும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். மறுநாள் ஆண்கள் வந்து மீனின் தலை கிழக்கே, சிவந்த பழம் கிழக்கே, வெளுத்த பழம் மேற்கே என்று அடுக்கி, விழுந்து வணங்கினார்கள். அவள் கதவோரம் நின்றாள். அந்த முன்னோர்களில் ஒருவர்கூட அவள் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லை.

1398-இல் தொடங்கிய சுங்க்யுன்க்வான் என்ற கல்விக்கூடம்தான் இங்கே கன்பூசிய மரபுக்குத் தலைமை இடம். எண்ணெயில் சுட்ட பலகாரம் படையலுக்குத் தேவையில்லை என்று 2022-இல் அவர்களே அறிவித்துவிட்டார்கள். மாமியார்களுக்கு மனசு கேட்கவில்லை. சட்டமும் மெல்லத்தான் நகர்ந்தது. குடும்பத் தலைவர் இறந்தால் மனைவியைத் தாண்டி, கைக்குழந்தையானாலும் மகனுக்கே தலைமை போகும் பதிவு முறை 2008-இல்தான் ஒழிந்தது. முன்னோர் சடங்கை நடத்தும் உரிமையில் மகனுக்கு முன்னுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023-இல்.

இதற்கெல்லாம் கன்பூசியஸைக் குற்றம் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். ஆட்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்ட ஒரு கோமகனிடம் அவர் சொன்னது, மன்னன் மன்னனாக, தகப்பன் தகப்பனாக, மகன் மகனாக இருக்க வேண்டும் என்பது. கடமை இரண்டு பக்கமும் உண்டு. அவர் மரபில் வந்த பெற்றோர் பக்தி நூலிலும், தகப்பன் தவறான வழியில் போனால் மகன் எதிர்த்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட ஜோசன் அரச வம்சம் கீழே இருப்பவனின் கடமையைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவரை முழுக்க விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. மன்னன் குடிமகன், தகப்பன் மகன், கணவன் மனைவி, மூத்தவன் இளையவன், நண்பர்கள் என்று அந்த மரபு வகுத்த ஐந்து உறவுகளில் நண்பர்கள் மட்டும்தானே சமம்? கணவன் மனைவிகூட மேல் கீழ்தான். இன்று இங்கே பெண்கள் கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளைப்பேறு 2023-இல் 0.72-க்கு இறங்கியது. வீட்டு விலையும் டியூஷன் செலவும் காரணம் என்பார்கள், சரிதான். அந்தச் சமையலறைத் தரையும் ஒரு காரணம் என்பேன்.

என்னை ரொம்ப வருத்துவது இன்னொன்று. என் குடியிருப்புக்குக் கீழே விடிவதற்கு முன்பே ஒரு பாட்டி அட்டைப்பெட்டிகளைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு போவார். முதுகு வளைந்து, தலை வண்டிக் கைப்பிடிக்குக் கீழே இருக்கும். இவரைப் போல நிறையப் பேர். வளர்ந்த நாடுகளிலேயே முதியோர் வறுமை மிக அதிகம் இங்கேதான், பத்தில் நான்கு பேர். அந்தத் தலைமுறை கையில் இருந்ததையெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் போட்டது. கடைசிக் காலத்தில் மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பியது. தேசிய ஓய்வூதியத் திட்டமே 1988-இல்தான் வந்தது. மகன்களோ சோல் நகரத்தில் வாடகைக்கும் தங்கள் பிள்ளைகளின் டியூஷனுக்கும் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் தடுமாறுகிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை, கையில் காசில்லை.

அதனால்தான் அப்பா, தம்பியின் மருத்துவப் படிப்புக்காகக் கிணற்றடி நிலத்தை விற்கப் போவதாக அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. "நாளைக்கு அவன் பார்த்துக்கமாட்டானா" என்றீர்களாம். பார்த்துக்கொள்வான், நானும் பார்த்துக்கொள்வேன். ஆனாலும் அந்த நிலம் உங்கள் இருவர் பேரிலேயே இருக்கட்டும். முதல் வருடக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன், மீதிக்குக் கல்விக் கடன் கேட்டுப் பார்ப்போம். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தம்பியிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன், அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்