அடைமுட்டையும் சித்திரை வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அடைக்கோழி (முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கும் கோழி) பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். முட்டையை ஒற்றைப்படையில் வைக்க வேண்டும், இடியால் முட்டை கெடாமல் இருக்கக் கூடைக்குள் இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட வேண்டும், 21 நாளில் குஞ்சு வந்துவிடும் என்று எழுதியிருந்தது. வழக்கத்தைப் பதிவு செய்தது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி அடை வைத்து, பாதிக்குப் பாதி குஞ்சு பொரிக்காத கூமுட்டையாகப் போனால் எங்கே தப்பு நடந்தது என்று யாருக்கும் பிடிபடாது. அடை பெரும்பாலும் கெடுவது கோழி உட்காருவதற்கு முன்னாலேயே, முட்டை சேர்த்து வைக்கும் நாட்களில்.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, பத்துப் பன்னிரண்டு முட்டைதான் இடும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இழுக்கும். ஆக, கடைசி முட்டை வரும்போது முதல் முட்டைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதில்தான் சிக்கல். கரு நன்றாக வளர 37.5 டிகிரி சூடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது அசையத் தொடங்குவதற்கு 25 டிகிரி சுமாரே போதும். சித்திரையில் சமையலறைப் பரணிலும் அலமாரி மேல்தட்டிலும் பகலில் 35 டிகிரிக்குக் குறையாது. பகலில் கரு கொஞ்சம் வளரும், விடியற்காலைக் குளிர்ச்சியில் நின்றுபோகும், மறுநாள் மறுபடி கிளம்பும். நாலைந்து நாள் இப்படி அல்லாடினால், கோழி உட்காருவதற்குள் அது செத்திருக்கும். நாம் சேவலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இடிக்கு வந்த பழியும் இப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். கோடை இடி இடிப்பதும் சித்திரை, வைகாசியில். முட்டை புழுக்கத்தில் கெடுவதும் அதே மாதங்களில். ஆணி போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆணியைப் போட்டுவிட்டு, பரணில் கிடந்த முட்டையையே அடைக்கு வைத்தால் பலனும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், அகலச் சட்டியில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்சட்டியைப் பாதி புதைத்து, உமியோ தவிடோ போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்தி வைக்க வேண்டும். மழுங்கிய முனையில்தான் காற்றறை இருக்கிறது. அந்த முனை மேலே இருக்கட்டும். மணலைக் காலையும் மாலையும் நனைத்தால் போதும், முட்டையில் ஈரம் படக் கூடாது. மற்ற மாதங்களில் 7 நாள், கோடையில் 4 நாள் வரை இப்படிச் சேர்த்து வைக்கலாம். அதைத் தாண்டிய முட்டையைக் குழம்புக்கு எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை சேரவில்லையென்றால் ஒரே வாரத்தில் இட்ட மூன்று நான்கு கோழிகளின் முட்டையைக் கலந்து வைக்கலாம். கோழிக்குத் தன் முட்டை, பிறர் முட்டை என்ற பேதம் கிடையாது. குளிர்பதனப் பெட்டியில் இருந்த முட்டை வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போனால் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். எச்சம் அப்பிய முட்டையை விலக்கிவிடுவதே மேல்.

கூடையைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரி இல்லை. அடியில் மணலும் சலித்த சாம்பலும் கலந்து 3 அங்குலம் கொட்டி, மேலே வைக்கோல் போட்டு, நடுவில் தட்டுப்போல லேசாகக் குழிக்க வேண்டும். குழிவே இல்லாவிட்டால் முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு ஆறிப்போகும். கிண்ணம்போல ஆழமாகக் குழித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விரிசல் விடும். கோழியின் உடம்பில் ஒட்டும் செள்ளுப் பூச்சிக்காக நொச்சி அல்லது வேப்பிலையை நிழலில் காயவைத்துப் போடலாம். பச்சையாகப் போட்டால் பூசணம் பூக்கும். பூச்சிமருந்துத் தூளைக் கூடைக்குள் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடு வழியாக அது கருவுக்குப் போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றைப்படை, இரட்டைப்படையில் ஒன்றும் இல்லை. கோழி இறகை விரித்து உட்கார்ந்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. நடுத்தரக் கோழிக்கு 10 முதல் 12 வரை கொள்ளும். பேராசைப்பட்டு 15 வைத்தால் கெடுவது அந்தக் கூடுதல் மூன்று மட்டுமல்ல. கோழி முட்டையை உருட்டிக்கொண்டே இருப்பதால் ஓரத்தில் இருப்பது நாளுக்கு நாள் மாறும். எல்லா முட்டையும் முறைவைத்துக் குளிரும்.

கோழியை இருட்டிய பிறகு உட்கார வையுங்கள். பகலில் வைத்தால் எழுந்து பழைய இடத்துக்கே ஓடும். முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது அவசியம். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து இட்டுவிட்டுப் போகும். கோடு இல்லாத முட்டையை அன்றன்றைக்கே எடுக்காவிட்டால், முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் இறங்கிவிடும், பிந்திய கரு பாதியில் சாகும். அடைக்கோழி ஒரு நாளில் ஒரு தடவை 15, 20 நிமிடம் இறங்கி வரவேண்டும். தானாக இறங்காவிட்டால் தூக்கிவிட்டுத் தண்ணீரும் கம்புத் தானியமும் காட்டுங்கள். இறங்காத கோழி கூடையிலேயே எச்சமிட்டு எல்லாவற்றையும் நாற வைக்கும்.

அடை வைத்த 7-ஆம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச்சின் வாயை உள்ளங்கையால் பொத்தி, விரலிடுக்கில் முட்டையின் மழுங்கிய முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக்கால்போலப் பிரியும் சிவந்த நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. புதுமுட்டைபோல் தெளிவாக இருந்தால் கருவே கூடவில்லை என்று சொல்லலாம்; அங்கேதான் சேவலைச் சந்தேகிக்க இடமுண்டு. 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். நரம்பு இல்லாமல் வளையம்போல ஒரு ரத்தக்கோடு மட்டும் நின்றால் கரு கூடிப் பிறகு செத்தது என்று பொருள். பெரும்பாலும் வெயில், அல்லது பழைய முட்டை. இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பழகினால் அடுத்த அடைக்கு எதைத் திருத்துவது என்று தானே தெரிந்துவிடும். 18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள்.

ஓட்டில் கீறல் விழுந்து அரை நாள் ஆகியும் குஞ்சு வரவில்லையே என்று உரித்துவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. சவ்வின் ரத்தநாளங்களும் அப்போதுதான் வற்றுகின்றன. உரித்தால் ரத்தம் கசிந்து சாகும். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கலாம். பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி வைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது, வயிற்றில் இருக்கும் அந்த மஞ்சள் கருவே தாங்கும்.

குஞ்சு பொரித்த 7-ஆம் நாள், கண்ணிலோ மூக்கிலோ விடும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்புச் சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிட வேண்டும். பத்துக் குஞ்சு வந்து இரண்டு தங்குகிற வீடுகளில் பருந்தைவிட இந்த நோய்தான் அதிகம் கொண்டுபோகிறது. 8-ஆம் வாரத்தில் ஊசியும் உண்டு.

தீனிக்கு நொய் போதும் என்று குறிப்பு சொல்கிறது. போதாது, புரதம் வேண்டும். அதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துணுக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டிவிட வேண்டும், தாமதித்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் பானையை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராபுரம் வட்டம்