மட்டியையும் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளோடு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்தது 2021 மே மாதம். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் ஆமை, மீன், கரை என்றுதான் போகிறதே தவிர, மட்டியையும் சிப்பியையும் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மீனென்றால் குடலை எடுத்து எறிந்துவிட்டுக் கறி வைக்கிறோம். மட்டியை முழுதாகத்தானே சாப்பிடுகிறோம்? அது இரை தேடி எங்கும் போவதில்லை, இருந்த இடத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் வடித்து, அதிலுள்ள நுண்பாசியைத் தின்கிறது. பருப்பளவு மணி அதற்குள் போகாது, சரி, ஆனால் வெயிலிலும் அலையிலும் அது நொறுங்கித் தூளாகிவிட்டால் பாசியோடு பாசியாக உள்ளே போய்விடும். கப்பல் மட்டும் காரணமில்லை, நாம் துவைக்கும் பொலியெஸ்டர் துணியின் நாரும், களனி கங்கை முகத்துவாரத்தில் கொண்டுவந்து தள்ளும் பைகளும் அங்கேதான் சேர்கின்றன.

மண் போகட்டும் என்று மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு வைப்போமே, அதில் குடலில் இருப்பது கொஞ்சம் கழியும். ஆனால் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிக நுண்ணிய துகள்கள் மட்டியின் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போய் 48 நாட்களுக்கு மேல் இருந்ததைக் கண்டார்கள். பிரான்ஸில் சிப்பிகளை இரண்டு மாதம் பிளாஸ்டிக் துகள் கலந்த நீரில் வளர்த்தபோது முட்டைகள் குறைந்தன, விந்தணுக்களின் வேகமும் குறைந்தது. இவை ஆய்வுகூடத்தில் கண்டவை. நம் களப்புகளில் என்ன நிலைமை என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

கப்பல் எரிந்த நாட்களில் பயத்தில் சனம் மீன் வாங்குவதையே விட்டது, அடி விழுந்தது மீனவர் வயிற்றில். சோதனை முடிவு உடனுக்குடன் கையில் கிடைத்திருந்தால் அவ்வளவு பயம் வந்திருக்காது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்தச் சொன்னது. அந்தப் பணம் வரும்போது, நீர்கொழும்பு, புத்தளம் களப்புகளின் மட்டியையும் சிப்பியையும் ஆண்டுதோறும் சோதிக்க ஒரு பங்கை ஒதுக்குங்கள். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மீன் சந்தையிலேயே ஒட்டுங்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06