ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கட்டியக்காரன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழா நெருங்கினால் தொடக்கப் பள்ளிகளில் நாடக ஒத்திகை களைகட்டிவிடும். நாலு பிள்ளைகள் வசனத்தை நெட்டுருப் போடுவார்கள், வாடகை உடை வந்து இறங்கும், மீதிப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். படிப்புக்கு அதனால் ஆவது கொஞ்சம்தான். வகுப்பறை நாடகத்துக்கு மேடையும் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம். நாளுக்கு 20 நிமிடம் போதும்.

வீட்டில் ‘ஆயா வட சுட்டுச்சு’. புத்தகத்தில் ‘பாட்டி வடை சுட்டாள்’. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிள்ளை பொருள் பிடிபடாமல் விழிப்பது பல நேரம் இந்த இடைவெளியில்தான். இதற்கு வழி நம் தெருக்கூத்திலேயே இருக்கிறது. ராஜா வேஷம் பாட்டிலும் செந்தமிழிலும் சொல்வதைக் கட்டியக்காரன் சனங்களின் பேச்சில் உடைத்துச் சொல்வான். அந்த வேலையை ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும்.

காக்கா வடை திருடிய கதையையே எடுக்கலாம். புதுக் கதை என்றால் அது விளங்கவே நேரம் போய்விடும். முதல் நாள் புத்தகத்தைத் திறக்காமல் கதையைச் சொல்லி, நடித்துவிட வேண்டும். தரையில் சாக்பீஸால் எட்டடி அகலத்துக்கு ஒரு வட்டம். உள்ளே ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் போனால் தள்ளுமுள்ளுதான். சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு எண்ணெய் கொதிக்கும் சத்தம், காக்கா கரைவது என்று வேலை இருக்க வேண்டும். ‘சிலை’ என்றதும் அசையாமல் நிற்பதைக் கதைக்கு முன்பே நாலைந்து தடவை பழக்கிவிட வேண்டும். நரி வந்த பிறகு பழக்க முடியாது.

கூச்சப்படும் பிள்ளைக்குக் கூத்தின் திரை கைகொடுக்கும். பழைய துப்பட்டா ஒன்றை இருவர் பிடிக்க, கட்டியக்காரப் பிள்ளை ‘யாரு வந்திருக்கறது?’ என்று கேட்க, பின்னாலிருந்து ‘காக்கா வந்திருக்கேன்’ என்று குரல் மட்டும் வரும். குரல் முதலில் வந்துவிட்டால், துணியை இறக்கிய பிறகு பேசுவது அவ்வளவு பாரமில்லை. அட்டை முகமூடி மட்டும் வேண்டாம்: குரலை அமுக்கும், கண் ஓட்டை எந்தப் பிள்ளைக்கும் சரியாக அமையாது. சார்ட் தாளில் 2 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் நெற்றிப்பட்டை வெட்டி, முன்னால் படமும் அதனடியில் ‘காகம்’ என்ற பெயரும் எழுதினால் தீர்ந்தது.

மறுநாள்தான் எழுத்து. ஒரு சார்ட் தாளை நீளவாக்கில் எட்டுப் பட்டையாக வெட்டி, பட்டைக்கு ஒரு வரி, ஒன்றரை அங்குல உயர எழுத்தில். ஒருவர் பட்டையைப் பிடித்து ‘காகம் வடையைக் கவ்வியது’ என்று வாசிப்பார். கட்டியக்காரப் பிள்ளை ‘காக்கா வடைய லபக்குனு தூக்கினு போயிடுச்சு’ என்று சொல்லும். அதைக் கேட்டு நடிப்பவர் செய்வார். ஆசிரியருக்கு வாய் பரபரக்கும் இடம் இது. திருத்திவிட்டால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை பட்டையில் இருப்பதையே ஒப்பிக்கும். புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. ஆயாவுக்குப் பதில் தாத்தாவை வடை சுடவிட்டால் ‘சுட்டாள்’ ‘சுட்டார்’ ஆகிவிடும். இலக்கணப் பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாளுக்குள் எட்டு வரியும் மனப்பாடமாகியிருக்கும். விரல் பட்டைமேல் நகரும், கண் வேறெங்கோ இருக்கும். அப்போது ஒரு பட்டையில் ‘வடை’யை எடுத்துவிட்டு ‘தோசை’ என்று எழுதி வைக்க வேண்டும். சிரித்த பிள்ளை வாசித்திருக்கிறது; ‘வடை’ என்றே சொன்ன பிள்ளை வாசிக்கவில்லை. இதைவிட எளிய தேர்வு கிடையாது. பட்டைகளைக் கலைத்துப்போட்டு, அந்த வரிசையிலேயே நடிக்கவும் விடலாம். ஆயா சுடுமுன் காக்கா வடையைத் தூக்கினால் வகுப்பே கத்தும்; பட்டைகளை அவர்களே அடுக்கிவிடுவார்கள்.

கணக்குக்கும் இதே வட்டம்தான்: எட்டுப் பேர் வடையாக உட்கார, ஒருவரைக் காக்கா கூட்டிப் போனால் மீதி ஏழு. விரல் பொம்மைகள் ஐந்தாறு பேர் குழுவுக்குச் சரி. முழு வகுப்பில் மூன்றாம் வரிசைக்கே தெரியாது.

பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் கதைக்கும் பாட்டுக்கும் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு அமர்வை ஒதுக்கி, ஆசிரியர்களே பட்டை பிடித்து நடித்துப் பார்க்கட்டும். அந்த வட்டாரக் கூத்துக் கலைஞர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். ஓசியில் கூப்பிடும் பழக்கம் இங்கே வேண்டாம். சார்ட் தாளுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் தனி நிதி கேட்கவில்லை. ஆண்டு விழா உடை வாடகையில் ஒரு பங்கே போதும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.