பேக்கன் படத்துக்குக் காசு கொடுக்க முதல்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கவென்று பார்த்து போனில் அனுப்பின, பிரான்சிஸ் பேக்கன் என்ற பழைய ஆங்கில மெய்யியலாளரின் அச்சுப்படம் வடிவாகத்தான் இருக்கிறது. கீழே, செதுக்கின கலைஞரின் பேரும் ஆண்டுமாக ஹௌப்ராக்கன், 1738 என்று இருப்பதை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிடாதே, பிள்ளை. அந்த ஆண்டு, படத்தைச் செதுக்கி மை பூசி அச்சிடுகிற செப்புத்தகட்டின் வயது. தாளின் வயது வேறாக இருக்கலாம். இந்தப் படம் சேர்ந்த படவரிசையின் தகடுகளை வைத்து 1813இலும் அச்சிட்டிருக்கிறார்கள். பேக்கன் இறந்தது 1626இல். அதனால் ஹௌப்ராக்கன் அவரை நேரே பார்க்காமல், ஓவியத்தைப் பார்த்துத்தான் ஆம்ஸ்டர்டாமில் செதுக்கினார். அதில் குறையொன்றும் இல்லை.

கடைக்காரரிடம் கேட்டு, படத்தைப் பிரேமிலிருந்து வெளியே எடுப்பித்துப் பார். கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒன்றும் சொல்லேலாது. தாளை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடி. நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் பெரிய கோடுகளும் தெரிந்தால் அது கம்பிகளை வரிசையாக அடுக்கின சட்டத்தில் வார்த்த பழைய முறைத் தாள். ஒரு கோடும் இல்லாத தாள் இங்கிலாந்தில் 1750களில்தான் வந்தது. அப்படியான தாளில் 1738இல் அச்சிட்டிருக்கவே முடியாது.

பிறகு, பத்து மடங்கு பெருப்பிக்கும் பூதக்கண்ணாடியால் கன்னத்தைப் பார். உளி போன கோடு ஊசிமுனையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, திரும்பவும் மெலிந்து முடியும். நிழல் கனக்கும் இடத்தில் மையை விரல் நுனியால் உணரலாம், ஆனால் தேய்க்காதே. கோட்டுக்குப் பதிலாக ஒரே ஒழுங்கில் புள்ளிகள் அடுக்கியிருந்தால் அது புகைப்பட முறையில் அச்சிட்ட பிரதி. கோடுகள் வெளிறி, தாடியின் மயிர் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தால் தகடு தேய்ந்த பிறகு எடுத்தது. அதற்கு முதல் அச்சின் விலை கொடுக்கக்கூடாது.

படத்தைச் சுற்றி, தகடு அழுத்தின பள்ளம் நாலு பக்கமும் இருக்கவேண்டும். ஈரத் தாளை உருளையில் அமத்தும்போது விழுகிற தடம் அது. பிரேமுக்கு அளவாக வெட்டினவர்கள் அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். வெட்டினதைத் திருத்த வழியே இல்லை. மஞ்சள் புள்ளி கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, ஓரம் வெட்டின படம் வேண்டாம்.

வாங்கினால் செலோடேப் ஒட்டவிடாதே. அதன் பசை தாளுக்குள் ஊறிக் கபில நிறக் கறையாகிவிடும். கோதுமை மாப்பசையும் யப்பான் தாளும் வைத்து, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பிடித்தால் போதும். பின்னுக்கு அமிலமில்லாத மட்டை. கண்ணாடி படத்தில் முட்டக்கூடாது, முட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

உவர்மலை வீட்டில் கடல் பக்கச் சுவர் மாரியில் ஓதம் ஊறும், அதில் மாட்டேலாது. உள்ளறையில், வெயில் படாத நடுச்சுவர்தான் சரி. அங்கேயும் இராமபாணப் பூச்சி வராமல் பிரேமின் முதுகைத் தாள் ஒட்டி மூடவேண்டும். மார்கழி மழைக்குள் கொண்டு வராதே. மாசி கழிய வா, சுருட்டாமல் இரண்டு தடித்த மட்டைக்கு நடுவில் வைத்து, கைப்பையோடு கொண்டு வா.

அன்புடன்
அம்மா