தேய்ந்த ரேகைகள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு நீயே உன் கைப்பட எழுதியிருந்ததைப் பார்த்து மனம் நிறைந்தது. நவம்பர் பிறந்துவிட்டதால், ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் போன இடத்தில் எனக்கு நேர்ந்ததை, நீயும் அதற்காகப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட எண்ணி இதை எழுதுகிறேன்.

கணினி மையத்தில் சிவப்பு ஒளி வீசும் அந்தச் சிறு கருவியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தேன். ரேகை பொருந்தவில்லை என்றது. கட்டைவிரல், இடது கை என மாற்றி மாற்றி, வேட்டி நுனியில் துடைத்தும் ஈரத்துணியில் ஒற்றியும் ஒன்பது முறை வைத்தும் அதே பதில்தான். எதிரில் உயிரோடு நிற்பவனை ஏற்க மறுக்கிறதே என்று உடம்பெல்லாம் பதறி, என் பேத்தி வயதிருக்கும் அந்த மையத்துப் பெண்ணிடம் குரலை உயர்த்திவிட்டேன். அவள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் அரம் பிடித்து, மாலைதோறும் மண்ணெண்ணெயில் கழுவிய விரல்கள் அல்லவா! வயது ஏற ஏறத் தோல் வறண்டு ரேகைகள் மங்கும். இரும்போடு உழைத்தவர்களுக்கு அவை முன்பே தேய்ந்துவிடும். காரணம் புரிந்ததும் பாதிக் கோபம் தணிந்தது. மீதிக் கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். முதியவர்களின் அலைச்சலைக் குறைக்க 2014இல் வந்த இந்தக் கணினிவழிச் சான்றிதழ் ஏற்பாட்டில், விரல் பொருந்தாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா?

உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, வேறு வழி உண்டா என்று கேட்டேன். 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்றளிக்கலாமாம். சன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கைபேசியை நேரே பிடித்து, "தாத்தா, கண்ணை ஒருமுறை சிமிட்டுங்கள்" என்றாள். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது.

கண் ஆறும் வரை நீ வெளியே அலைய வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார். கட்டணம் 70 ரூபாய். ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்குப் புத்தகம், கைபேசி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள். உன் விரலும் என் விரலைப் போலத்தான் இருக்கும். இரண்டு முறைக்கு மேல் முயலாமல், முகத்தைக் காட்டும் வழியைக் கேள். முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்